பிறை எட்டில் காட்டிய வீடு

அன்பு மகனுக்கு, உன் வாப்பாவின் ஸலாம்.

இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உன் உம்மா நலம். நம் கூரையில் குடியேறிய பூனையும் அதன் நாலு குட்டிகளும் நலம். நான் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பதறாதே. என் வயிற்றை நீ பார்த்திருக்கிறாய். ஒரு மாதத்துச் சோறு இறங்காவிட்டாலும் பினாங்கில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பயந்து போயிருக்கிறேன் மகனே. முப்பது வருஷமாக மற்றவர்களை வீடு வாங்க வைத்தவன், என் மகன் ஒரு வீடு வாங்கப் போகிறான் என்றதும் நடுங்குகிறேன். நீ கேட்டது ஒரே ஒரு வரி. "வீடு நல்லது, வாங்கு என்று எழுதுங்கள் வாப்பா, மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும்" என்றாய். நானோ கட்டுக் காகிதம் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். "ஒத்த வரிக்கு இம்புட்டுக் காயிதமா? மவுத்தாகுறதுக்கு முந்தி சொத்தைப் பிரிச்சு வசியத்து எழுதுறீகளா?" என்று உம்மா கேட்டுவிட்டுப் போனாள்.

உன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது நம் கடற்கரை ஊர்க்காரர்களின் பழக்கம். தொட்டிலில் கிடப்பவளுக்குத் தலை நிற்பதற்குள் தகப்பன் செங்கல் விலை கேட்கக் கிளம்பிவிடுவான். உன் மகளுக்கு நாற்பது நாள்தான் ஆகிறது. நீ ஈப்போவில் ரயில்வே ஆபீஸ் நாற்காலியில் இருந்தபடியே அவளுக்கு மாப்பிள்ளை வரும் வாசலைத் தேடிவிட்டாய். என் ரத்தம், வேறெப்படி இருக்கும்? என் மூத்த மகள், உன் லாத்தா, பிறந்த மூன்றாம் நாள் நான் ஒரு கதவு வாங்கி வந்தேன். வீடு இல்லை, வெறும் கதவு. மலிவாகக் கிடைத்தது. அந்தக் கதவு பதினாறு வருஷம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கடைசியில் வீடு கட்டியபோது நிலைக்கு நாலு விரல் அகலம் கூடுதலாக இருந்ததால் ஆட்டுக் கொட்டிலுக்குப் போனது. இந்தத் தீவிலேயே தேக்குக் கதவு போட்ட ஆட்டுக் கொட்டில் உன் லாத்தா வீட்டில்தான் இருக்கிறது.

"விலை விழுந்து கிடக்கிறது வாப்பா, இனி ஏறத்தானே வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். இதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணினால் மறுமையில் என் கணக்கு முடிய நேரமாகும். விலை ஏறும்போது, இன்னும் ஏறும், இப்போதே வாங்குங்கள் என்பேன். விழும்போது, இனி ஏறும், இப்போதே வாங்குங்கள் என்பேன். ஏறாமல் விழாமல் நின்றபோதுதான் கஷ்டமாக இருந்தது. அப்போது காற்று நல்ல காற்று என்று சொல்லி விற்றேன். இன்றைக்கு ஊர் எப்படி இருக்கிறது தெரியுமா? சூலியா தெருவிலிருந்து புறப்பட்டுக் கடல் வரை நடந்தால், வாடகைக்கு விடப்படும் என்று மூன்று பாஷையில் எழுதிய பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். வடகரைப் பங்களாக்களில் சீன முதலாளிகளான தௌக்கேமார் காலி செய்துவிட்டுப் போக, காவல்காரன் மட்டும் நடு ஹாலில் சாரத்தைக் காயப்போட்டுக்கொண்டு ராஜா மாதிரி இருக்கிறான். ரப்பர் விழுந்தது, ஈயம் விழுந்தது, தோட்டத்து ஜனங்களைக் கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வாடகை கொடுப்பவன் கப்பலில் போய்விட்டால் வாடகைக்கு வீடு வைத்திருப்பவன் என்ன செய்வான்? முன்பெல்லாம் என்னைக் கண்டால் வட்டிக்கடைக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன வாரம் அவரே கையைப் பிடித்து இழுத்தார். இடுப்பில் சாவிக்கொத்து கோயில் மாட்டு மணி மாதிரி ஆடுகிறது. எல்லாம் கடனுக்கு ஈடாகக் கைக்கு வந்த வீடுகள். "வீடு யாருக்கு ஐயா வேணும்? எனக்கு ஆள் கொண்டாங்க பாய். ரெண்டு மாசம் வாடகையே வேணாம், சும்மா வந்து விளக்கேத்தி வச்சாப் போதும்" என்றார். விளக்கேற்ற ஆள் தேடும் ஊரில் நீ மகள் வளரும் வரை வாடகைக்கு விட வீடு வாங்கப் பார்க்கிறாய். இருந்தாலும் இந்த நிலைமைக்கு நான் பயப்படவில்லை. சந்தை விழும், எழும். நீ வயதில் சின்னவன், காத்திருக்கலாம். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை உம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆபீஸ் வேலையாக வந்தபோது தஞ்சோங் தோக்கோங் போகும் வழியில் கடலோரமாக அந்த வீட்டைப் பார்த்தாய். கடற்கரை பந்து விளையாடும் அளவுக்கு அகலமாக இருந்தது. வீட்டுக்கார அம்மாவே சுற்றிக் காட்டினார். "கடல் வீட்டுக்கு வராதா என்று கேட்டேன் வாப்பா. 'வந்தா டிக்கெட் எடுத்துக்கிட்டுத்தான் வரணும் தம்பி' என்று சிரித்தார். வேடிக்கையான மனுஷி" என்று எழுதியிருந்தாய். உம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஏனென்றால் அந்த வேடிக்கை அந்த அம்மாவுடையது இல்லை. என்னுடையது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று, அதே கேள்விக்கு, அவரிடம் நான் சொன்ன பதில் அது.

இனிமேல் எழுதப் போவதை நேற்று வரை உன் உம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ ஈப்போவில் நண்பர்களுக்கும் வாசித்துக் காட்டலாம். வீடு வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படும். அவமானம் எனக்குப் பழகிப்போகும்.

தரகனுக்கு ஒரு பாஷை உண்டு. காற்றோட்டமான வீடு என்றால் கூரையில் ஓட்டை. அமைதியான இடம் என்றால் பக்கத்தில் மையத்து அடக்கும் கபரஸ்தான். படித்தவர்கள் வாழும் தெரு என்றால் வாடகை பாக்கிக்குக் காரணத்தை இங்கிலீஷில் சொல்பவர்கள் வாழும் தெரு. இதெல்லாம் எல்லாத் தரகனும் செய்வது. நான் மட்டும் செய்தது ஒன்று உண்டு. துறைமுகத்தில் தொங்கான் படகுகளில் சரக்கு இறக்கும் நம் ஆட்களோடு பேசிப் பேசிக் கற்றுக்கொண்டேன். இந்தக் கரையில் பிறை எட்டு வாக்கில், அதாவது பிறை கண்ட எட்டாம் நாள் வாக்கில், கடல் சோம்பேறி. நடுப்பகலில் வற்றிக் கிடக்கும், ஏறினாலும் அரைகுறையாக ஏறும். அதே கடல் பிறை பதினைந்தில், பௌர்ணமி வாக்கில், நடுப்பகலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும். ஆகவே கடலோர வீட்டை யாராவது பார்க்க வேண்டும் என்றால், நான் தாடியைத் தடவிக்கொண்டு, "இந்த வாரம் சாவி ஆயர் ஈத்தாமில் மாட்டிக்கொண்டது, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று ஏதாவது சொல்லிப் பிறை எட்டு வரை இழுப்பேன். நம் ஜனங்கள் பிறை பார்த்து நோன்பு வைப்பார்கள், பெருநாள் கொண்டாடுவார்கள். உன் வாப்பா நான் பிறை பார்த்து வீடு விற்றேன். அதை அப்போது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அஞ்சலை அக்காவை உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூட விடுதியில் இருந்த காலம். மலைப்பக்கம் ஆயர் ஈத்தாமில் பதினோரு மாடு வைத்திருந்த விதவை. சூலியா தெருக் காப்பிக் கடைகளுக்கு அவர்தான் பால். நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவேனோ அந்த நாற்காலியைத் தாண்டித்தான் பால் குடம் உள்ளே போகும். "பாய், நீங்க பேசுற பேச்சுக்கு என் பாலே திரிஞ்சு போவும்" என்று சொல்லிக்கொண்டே போவார். ரப்பர் விலை ஏறி, ரிக்ஷாக்காரன்கூடத் தோட்டத்தில் பங்கு வாங்கிய காலத்தில், ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் நின்றார். "முட்டி தேஞ்சு போச்சு பாய். மாட்டை வித்துட்டு ஒரு வீடு வாங்கிப் போட்டா, வாடகையில உக்காந்து சாப்பிடலாம்ல?" என்றார். நான் உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. விரலை விட்டுப் பிறை எண்ணினேன்.

பிறை எட்டு. நல்ல வெயில். கடல் எங்கோ தூரத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி தெரிந்தது. மணலில் நண்டுகள் ஓடின. ஐந்து தென்னை மரங்கள், முள்வேலி, பலகைத் தரையோடு ஒட்டிக் கட்டிய இரண்டு வீடு. "கடல் இங்க வராதா பாய்?" என்று கேட்டார். நான் டிக்கெட் வேடிக்கையைச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே வீடு விற்றுப்போனது. பத்து மாட்டை விற்றார். வெள்ளச்சி என்ற ஒரு கிழட்டு மாட்டை மட்டும் விற்க மனம் வராமல் அங்கேயே கொண்டுபோய்த் தென்னையில் கட்டினார். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தபோது, "வெள்ளச்சி அந்தத் தரையில படுக்கவே மாட்டேங்குது பாய். நின்னுகிட்டே தூங்குது" என்றார். நான் அதற்கும் ஒரு வேடிக்கை சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நினைவில்லாமல் போனது அல்லாஹ் எனக்குச் செய்த உதவி.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். முதலில் வேலி போனது என்று கேள்விப்பட்டேன். பிறகு தென்னைகள். இரண்டில் முன்வீட்டில் அக்காவுக்கு வாடகை கொடுத்துக் குடியிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி குமாஸ்தா ஒரு மழைக்காலத்தோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு வீடு காட்ட அவ்வழியே போக வேண்டி வந்தது. அக்கா வாசலில் குனிந்து கருங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாய், குடை சின்னது. வயிறு வெளிய தெரியுது."

நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "இன்னிக்குப் பிறை எத்தன?" என்று கேட்டார். பதினாலு என்றேன். "அப்ப நாளைக்கு அடுப்படி வரைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கல்லைத் தூக்கினார். தூக்கியபடியே, "எனக்கு நீங்க காட்டுனது பிறை எட்டு. அப்புறமாத்தான் எண்ணிப் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து யாருக்கும் கடலோர வீடு காட்டுவதில்லை. ஊரில் என் முழங்கால் வலியைக் காரணம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வா. நீ அந்த வீட்டைப் பார்த்த நாளை விரல் விட்டு எண்ணினேன். பிறை எட்டு. என் வித்தையை என்னிடமே கற்று, என் வேடிக்கையையும் சேர்த்து, அவர் என் மகனிடமே விற்கப் பார்த்திருக்கிறார். பழிவாங்குகிறார் என்று முதலில் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உடனே வாங்காதே என்று தந்தி அடித்திருப்பேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: உன் பெயரைக் கேட்டார், என் பெயரைக் கேட்டார், கேட்டுவிட்டு, "உங்க வாப்பாவக் கேட்டுக்கிட்டு வாங்க தம்பி. அவரு நல்ல வீடுன்னு சொன்னா மட்டும் வாங்குங்க" என்றார்.

பார்த்தாயா? உன்னிடம் விற்றிருக்கலாம். நீ அன்றைக்கே கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாய். என் பெயரைக் கேட்டதும் அவர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். நல்லது என்று ஒரு வரி எழுதினால், உன் சேமிப்பும் மருமகள் கழற்றித் தந்த நகையும் கடலோடு போகும். கெட்டது என்று எழுதினால், இந்தச் சந்தையில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆளையும் விரட்டி, அவரை இரண்டாம் முறையும் கெடுத்தவனாவேன். இந்த வலையை வீசியவரை நான் எப்படிக் குறை சொல்வது? நூல் என்னுடையது.

நேற்றுப் பிறை பதினைந்து. நடுப்பகலுக்குப் பஸ் ஏறிப் போனேன். குடை எடுத்துப் போகவில்லை. நீ பார்த்த மணல் நேற்று இல்லை. வாசற்படி மூன்றில் இரண்டைக் காணோம். உள்ளே பலகைத் தரைக்கு அடியில் தண்ணீர் மூச்சு விடுவது கேட்டது. ஒவ்வோர் அலைக்கும் பலகை இடுக்கிலிருந்து கொஞ்சம் துப்பியது. அக்கா பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பழக்கமான காரியம் போல. நான் வாசலிலேயே நின்றேன். முப்பது வருஷம் எத்தனையோ வீட்டு வாசலை மிதித்தவன், அந்த வாசலில் காலை வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

"உள்ள வாங்க பாய். செருப்ப மட்டும் கையில வச்சுக்குங்க, கீழ வச்சா போயிரும்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, என் மகன்கிட்ட உண்மையச் சொல்லப் போறேன்" என்றேன்.

"சொல்லுங்க. அதுக்குத்தானே அனுப்பி வச்சேன். அந்தத் தம்பி பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு சொல்லிச்சு. தம்பி யாரு பெத்த புள்ளன்னு தெரிஞ்சப்புறம் ஏமாத்தி விக்க எனக்கு வாய் வரல."

"டிக்கெட் கதைய மட்டும் சொன்னீங்களாமே."

"அது பேரு கேக்குறதுக்கு முந்தி" என்றார். சிரித்தார். பிறகு கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டு, "சரி பாய், உங்க மகன் தப்பிச்சிட்டான். நான்?" என்று கேட்டார்.

உன் வாப்பாவிடம் எந்தக் கேள்விக்கும் ஒரு வேடிக்கை இருக்கும் என்று ஊரே சொல்லும். நேற்று நான் கீரைக் கட்டில் பாதியை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். தண்ணீர் இறங்கும் வரை இரண்டு பேரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தோம்.

ஆகவே, அந்த வீட்டை வாங்காதே. இது தரகன் பேச்சு அல்ல. எங்கே வாங்கினாலும் ஒரே மாதத்தில் இரண்டு முறை போய்ப் பார், அதில் ஒரு முறை பிறை பதினைந்து நடுப்பகலாக இருக்கட்டும். மலையடிவாரமாக இருந்தால் மழை நாளில் போ. வீடு காட்டுபவனைக் கேட்காதே. பக்கத்து வீட்டு அடுக்களையைக் கேள், அங்கே பொய் சொல்ல யாருக்கும் கூலி கிடையாது. உன்னைச் சிரிக்க வைக்கும் தரகனிடம் மட்டும் எதையும் வாங்காதே.

இன்னும் ஒன்று உண்டு. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

ஆயர் ஈத்தாமில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நம் பலகை வீடு, உன் மகளுக்கு என்று நான் வாய்விட்டுச் சொன்ன வீடு. ரப்பர் காலத்துத் தரகுப் பணத்தில் வாங்கியது. அக்கா கொடுத்த தரகும் அதில் இருக்கிறது. அதை அக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலோர வீட்டை என் பேரில் மாற்றிக்கொள்ளலாம் என்று நேற்றுப் பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. உம்மாவிடம் எல்லாவற்றையும் இன்று காலை சொன்னேன். கத்துவாள் என்று கதவோரமாக நின்றுகொண்டேதான் சொன்னேன். அவள் கத்தவில்லை. மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அது அவன் புள்ளக்கின்னு சொன்ன ஊடு. அவன்ட்ட கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன். நீ சரி என்றால் உன் மகளுக்கு இந்தத் தாத்தாவிடமிருந்து வருவது, நாலைந்து மழைக்காலத்துக்குள் கடல் எடுத்துக்கொள்ளப் போகும் இரண்டு வீடு. அவள் வளர்ந்து, எனக்கு ஏன் வீடு இல்லை என்று கேட்டால் இந்தக் கடிதத்தைத்தான் நீ காட்ட வேண்டியிருக்கும். நீ முடியாது என்றால், அதுவும் நியாயம்தான். தாத்தா செய்ததற்கு நாற்பது நாள் குழந்தை ஏன் வீடு இழக்க வேண்டும்? அப்போது நான் மறுபடியும் அந்தப் பெஞ்சுக்குப் போய், என் மகன் தப்பித்துவிட்டான் என்று மட்டும் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

யோசித்து எழுது. மருமகளையும் கேட்டு எழுது. தபால்காரன் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போகிறேன். நீ சம்மதித்துவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது. சம்மதிக்க மாட்டாயோ என்றும் பயமாக இருக்கிறது.

உன் வாப்பா